கண்மூடி இறக்கத்தில் பாதுகாப்பு வாரம்

செங்குத்தான மலைச்சரிவில், பாதை என்று மரியாதைக்காகச் சொல்லப்படும் ஒரு தடத்தில், வண்டியைப் பத்திரமாக ஏற்றி இறக்கும் கலையில் இந்தப் பூமியிலேயே தலைசிறந்து விளங்குவது எங்கள் அலுவலகம்தான். இதை நான் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. சுற்றறிக்கையிலேயே அப்படித்தான் இருக்கிறது. சுற்றறிக்கையை எழுதியவன் நான் என்பதால் வாசகம் எனக்கு மனப்பாடம்.

எங்களிடம் தட்டச்சர் முதல் வாயிற்காவலர் வரை அனைவருக்கும் ‘மலைத்தட வாகனப் பாதுகாப்பு’ச் சான்றிதழ் உண்டு. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். மற்ற அலுவலகங்களில் இந்தப் பயிற்சியை ஓட்டுநர்களுக்கு மட்டும் கொடுத்துக் கலையைக் குறுக்கிவிடுகிறார்கள். எங்களுக்கு அந்தக் குறுகிய மனம் கிடையாது. அலுவலகம் முழுக்கத் தேடினாலும் வண்டி ஓட்டத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்பதும், அலுவலகம் இருப்பது உள்ளங்கை மாதிரியான சமதரையில் என்பதும் பொறாமைக்காரர்கள் கிளப்பிவிடும் விவரங்கள்.

நாங்கள் வானிலை பார்க்கிறவர்கள். எட்டத்தில் தெரியும் மலையின் உச்சியில் எங்களுக்கு ஒரு கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. அங்கே இரண்டு ஊழியர்கள் காற்றையும் மழையையும் அளந்து எங்களுக்குச் சொல்வார்கள். நாங்கள் அதைத் திருத்தி மேலிடத்துக்குச் சொல்வோம். அந்த இருவருக்கும் வாரம் ஒருமுறை சாப்பாட்டுச் சாமான், மண்ணெண்ணெய், பேட்டரி எல்லாம் கொண்டுபோக ஒரு ஜீப் உண்டு. அதன் வயதைக் கேட்பது அநாகரிகம். தார்ச்சாலை அடிவாரத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் களிமண், உருட்டுக்கல், மழைத்தண்ணீர் அறுத்துப்போட்ட பள்ளம். உச்சிக்குச் சற்று முன்னால் வருவதுதான் ‘கண்மூடி இறக்கம்’. ஏறும்போதும் அதற்குப் பெயர் இறக்கம்தான். ஏறும்போது பெயர் வைக்கிற அளவுக்கு யாரிடமும் மூச்சு மிச்சம் இருந்ததில்லை.

ஜீப்பை ஓட்டுபவன் என் மைத்துனன்; என் மனைவியின் ஒரே தம்பி. அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்தான் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். விண்ணப்பத்தை நான் எழுதினேன், பரிந்துரையை நான் எழுதினேன், நியமன ஆணையை நான் எழுதினேன். மற்றபடி எனக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஜீப்பின் சத்தத்தைவிட அவன் பேச்சுச் சத்தம் அதிகம். மீசையைச் சீவுவதற்கென்று சட்டைப்பையில் தனிச் சீப்பு வைத்திருப்பவன். தகுதிகாண் பருவத்தில் இருந்தான். அது கரும்புள்ளி இல்லாமல் முடிந்தால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால் கல்யாணம். பெண்ணின் தகப்பனார் அதில் கண்டிப்பாக இருந்தார்: “பையன் பர்மனென்ட் ஆகட்டும், மறுநாளே தேதி வெச்சுக்கலாம்.”

இப்போது ஒரு சிறிய தொழில்நுட்ப விளக்கம். ஜீப்பில் வழக்கமான கியருக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு லீவர் இருக்கும். அதை இழுத்தால் வண்டி ‘லோ கியரில்’ விழும். அப்புறம் நாலு சக்கரமும் சேர்ந்து, நிறைமாதக்காரி படி இறங்குவதைப்போல, அடிமேல் அடி வைத்து இறங்கும். பாரத்தை எஞ்சினே பிடித்துக்கொள்வதால் பிரேக்கை மிதிக்கவே வேண்டியதில்லை. மிதித்தால்தான் ஆபத்து. சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது, சறுக்கிக்கொண்டே போகும். ஆக, செங்குத்துச் சரிவில் பாதுகாப்பு என்றாலே அந்தக் குட்டை லீவர்தான். அதன் அருமையை எங்கள் அலுவலகம் உணர்ந்த அளவுக்கு வேறு யாரும் உணர்ந்திருக்க முடியாது.

அதனால்தான் அதைக் கழற்றினோம்.

நடந்தது இதுதான். எங்கள் இயக்குநர் ஒரு கருத்தரங்குக்குப் போனார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பும்போது ‘தொட்டுணர் கற்றல்’ என்ற சொல்லோடு வந்தார். வந்த கையோடு கூட்டம் போட்டார்.

“படத்தப் பாத்துக் கத்துக்கிறதெல்லாம் அந்தக் காலம். பொருளக் கையில தொடணும். தொட்டாத்தான் மூளைக்குப் போகும்.”

“அதையேதான் சார் நானும் சொல்லணும்னு இருந்தேன்” என்றார் பயிற்றுநர்.

பயிற்றுநரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மலைத்தட ஓட்டுதலை அவர் முழுக்க முழுக்கக் கணினி வழியாகக் கற்று, குளிரூட்டிய அறையில் முதல் வகுப்பில் தேறியவர். மாடிப்படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். மலைப்பக்கமே போகாமல் கற்றதால் அவருடைய கலையில் மலையின் தூசுகூடப் படியவில்லை.

“சரி, தொடறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?” என்று கேட்டார் இயக்குநர்.

“லோ கியர் லீவர் ஒண்ணு கிடைச்சா பிரமாதமா இருக்கும் சார்.”

“வாங்கிடுவோமே.”

“இந்த ஜீப்புக்கெல்லாம் இப்போ ஒரு பாகமும் வர்றதில்ல சார்” என்றார் கிடங்குப் பொறுப்பாளர் அம்மையார். “கடையில போய்க் கேட்டா சிரிக்கிறாங்க.”

இயக்குநர் யோசனையோடு ஜன்னல் பக்கம் திரும்பினார். நாங்களும் திரும்பினோம். வெளியே வேப்பமரத்து நிழலில் ஜீப் நின்றுகொண்டிருந்தது. பெரிய கண்டுபிடிப்புகள் இப்படி ஒரு திரும்பலில்தான் பிறக்கின்றன.

ஸ்பானரோடு வரவழைக்கப்பட்ட மெக்கானிக்குக்கு மட்டும் விஷயம் பிடிபடவில்லை.

“சார், இது இல்லாம அந்த வண்டி மலையில...”

“இங்க பாருப்பா. வண்டியில இருந்தா அது ஒருத்தரக் காப்பாத்தும். ஹால்ல இருந்தா நம்ம ஆபீஸ் மொத்தத்தையும் காப்பாத்தும். எது பெரிசு?” என்றார் இயக்குநர்.

மெக்கானிக் வாதத்தில் பலவீனமானவர். தலையைச் சொறிந்துகொண்டே கழற்றிக் கொடுத்தார். ஜீப்பின் தளத்தில் ஏற்பட்ட ஓட்டையை ஒரு ரப்பர் பாய் போட்டு மூடினோம், தூசு வரக்கூடாதல்லவா. லீவரைத் தேக்குப் பலகையில் பொருத்தி, கூட்ட அரங்கின் நடுவில் வைத்தோம். கிடங்கம்மா அதைத் தினமும் மஞ்சள் துணியால் துடைத்தார்.

பயிற்சி தொடங்கியது. சரிவுக்காக ஒரு பெஞ்சின் பின்கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கினோம். பயிலுநர் அதில் உட்கார்ந்து, முன்னால் வழுக்கிக்கொண்டே லீவரை இழுக்க வேண்டும்.

“சார், எஞ்சின் சத்தம் யாரு குடுக்கிறது?” என்று கேட்டார் தட்டச்சர்.

“நீங்கதான் மேடம்.”

“உர்ர்ர்...”

“இது ஏத்தச் சத்தம். இறக்கத்துக்கு அடித்தொண்டையிலேர்ந்து வரணும்.”

வாயிற்காவலர் முதல் முயற்சியில் தவறிப்போனார். பெஞ்சிலிருந்து வழுக்கிய பதற்றத்தில் காலைத் தரையில் ஊன்றிவிட்டார்.

“பிரேக்க மிதிச்சிட்டீங்க” என்றார் பயிற்றுநர் வருத்தத்தோடு. “நீங்க இப்போ செத்துட்டீங்க.”

“பரவால்ல சார். டூட்டி மாத்திவிட ஆள் வந்ததும் போயிடறேன்.”

என் மைத்துனன்தான் முதல் மதிப்பெண். அவன் கொடுத்த ‘உர்ர்ர்’ரில் பக்கத்து அறையில் இருந்தவர்கள் ஜீப் வந்துவிட்டது என்று எழுந்து வந்து பார்த்தார்கள். இயக்குநரே கைதட்டினார். சான்றிதழோடு அவன் நிற்கும் புகைப்படத்தைப் பெண் வீட்டுக்கும் அனுப்பினோம்.

அந்த வாரம் அவன் வழக்கம்போல மலைக்குப் போனான். சாயங்காலம் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தான். பேசவில்லை. அதைப் பார்த்துத்தான் என் மனைவி பயந்தாள்.

“என்னடா ஆச்சு? தண்ணியக் கூடக் குடிக்காம கையில வெச்சிட்டு உக்காந்திருக்கே?”

“ஒண்ணுமில்லக்கா. கண்மூடி இறக்கத்துல கொஞ்சம் கண்ணத் தொறந்துட்டேன்.”

“ஒழுங்காச் சொல்லு.”

“பிரேக் கொதிச்சுப்போச்சு மாமா” என்று என் பக்கம் திரும்பினான். “மிதிச்சா பஞ்ச மிதிக்கிற மாதிரி உள்ள போகுது. வண்டி வேற குறுக்கால திரும்பிடுச்சு. ஒரு பாறையில இடிச்சு நின்னுச்சோ, பொழச்சேனோ. இல்லேன்னா இந்நேரம் நீங்க எனக்கு இரங்கல் தீர்மானம் எழுதிட்டு இருப்பீங்க.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். “வண்டிக்குள்ள ஏதோ கம்பி இருக்கும், அதப் பிடிச்சா போதும்னு இவன் சொல்லுவானே. அது எங்க?”

“ஹால்ல இருக்கு.”

“ஹால்ல என்ன பண்ணுது?”

“பயிற்சி குடுக்குது.”

“யாருக்கு?”

“எல்லாருக்கும்தான்.”

“மலைக்குப் போறவன் இவன் ஒருத்தன்தானே?”

“அதனாலதானே மத்தவங்களுக்கெல்லாம் பயிற்சி தேவைப்படுது. இவனுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.”

இந்த எளிய தர்க்கம் அவளுக்கு எட்டவில்லை. பெண்களுக்கு நிர்வாகம் விளங்காது என்று சொல்ல நினைத்தேன். அவள் கையில் கரண்டி இருந்ததால் நினைப்போடு நிறுத்திக்கொண்டேன்.

“நாளைக்கே அத எடுத்து வண்டியில மாட்டச் சொல்லுங்க.”

“நினைச்சா எடுக்கிற பொருளா அது? இப்போ அது லீவர் இல்லம்மா, கற்பித்தல் கருவி.”

“எனக்கு அதெல்லாம் தெரியாது. என் தம்பி எலும்பும் முழுசா இருக்கணும், அவன் வேலையும் முழுசா இருக்கணும். ரெண்டுல எது கொறைஞ்சாலும் உங்களத்தான் கேப்பேன்.”

மறுநாள் கூட்டத்தில் மைத்துனனின் கோரிக்கையை நான் எட்டாவது பொருளாகச் சேர்த்தேன். ஏழாவது பொருள், பாதுகாப்பு வாரத்துக்கான பேனரின் நிறம். அது முடியவே மதியமாகிவிட்டது.

“சார், அந்த லீவர மலைக்குப் போற அன்னிக்கு மட்டும் குடுங்க. போயிட்டு வந்து நானே கழட்டி வெச்சிடறேன்” என்றான் மைத்துனன்.

“அன்னிக்குப் பாத்து யாராவது பயிற்சிக்கு வந்தா?” என்று கேட்டார் கிடங்கம்மா. “பலகைய மட்டும் காட்டவா?”

“அதுவும் இல்லாம, முதல் மதிப்பெண் வாங்கின ஆளு நீ” என்றார் பயிற்றுநர். “உனக்கு எதுக்குப்பா லீவர்? மனசுக்குள்ள இழு. பயிற்சியோட நோக்கமே அதுதான்.”

“மனசுக்குள்ள இழுத்தேன் சார். வண்டிக்குக் கேக்கல.”

யாரோ சிரித்துவிட்டார்கள். இயக்குநர் சிரித்தவரைத் தேடினார், கிடைக்கவில்லை. பிறகு கனத்த குரலில் சொன்னார்:

“வண்டி முழுத் தகுதியோடதான் இருக்கு. இவனுக்குத்தான் நம்பிக்கை இல்ல. சரி, நம்பிக்கைய நாமதான் ஊட்டணும். பாதுகாப்பு வாரத் தொடக்க விழாவ மலை உச்சியிலயே வெப்போம். அதே ஜீப்புல நான் வர்றேன். பயிற்றுநர் வருவாரு, கிடங்கம்மா வருவாங்க, குறிப்பெடுக்க இவரும் வருவாரு. இத்தன பேர் உயிர உன்னை நம்பிக் குடுக்கிறோம். இதுக்கு மேல உனக்கு என்னப்பா வேணும்?”

“லீவர் சார்.”

“வண்டி எடுக்க மாட்டேன்னா சொல்லிடு. பர்மனென்ட் விஷயத்த நாங்க வேற மாதிரி யோசிக்க வேண்டியிருக்கும்.”

மைத்துனன் என்னைப் பார்த்தான். நான் கூட்டக் குறிப்பைப் பார்த்தேன். ‘ஓட்டுநர் மகிழ்ச்சியுடன் இசைந்தார்’ என்று எழுதி முடித்திருந்தேன். எழுதியதை அடித்துத் திருத்துவது எனக்குப் பிடிக்காது.

புறப்பட்ட காலையில் வானம் தெளிவாக இருக்கும் என்று எங்கள் அலுவலகமே கணித்திருந்தது. இயக்குநர் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் நாங்கள் மூவரும் பேனரும். சாமான் மூட்டைகளுக்கு இடம் போதவில்லை, இறக்கி வைத்துவிட்டோம். ஏற்றத்தில் ஜீப் திணறியபோதெல்லாம் நாங்கள் இறங்கித் தள்ளினோம். இதை ‘ஊழியர் பங்களிப்பு’ என்று குறித்துக்கொண்டேன். இயக்குநர் இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே “தள்ளுங்க, தள்ளுங்க” என்று சொல்லித் தலைமை தாங்கினார். சேறு அப்பி, செருப்பு அறுந்து, ஒருவழியாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மேலே இருந்த ஊழியர்கள் இருவரும் ஓடி வந்தார்கள்.

“வாங்க சார், வாங்க. மண்ணெண்ணெய் எங்க?”

“பேனர் கொண்டாந்திருக்கோம்” என்றார் இயக்குநர்.

பேனரை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். ‘விபத்தில்லா மலையே நமது இலட்சியம்’ என்று அதில் இருந்தது. இயக்குநர் அரைமணி நேரம் பேசினார். செங்குத்துச் சரிவில் பக்கவாட்டில் திரும்பக்கூடாது, நேராக ஏறி நேராக இறங்க வேண்டும், பாதியில் பதறக்கூடாது என்று அவர் சொன்னதெல்லாம் உண்மையிலேயே சரியான கருத்துகள். பேச்சின் நடுவில் தூறல் விழ ஆரம்பித்தது. வானிலைத் துறையினர் என்பதால் நாங்கள் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

விழா முடிந்து ஜீப்பில் ஏறினோம். கொஞ்ச தூரம் உருண்டு போய்க் கண்மூடி இறக்கத்தின் விளிம்பில் வந்து நின்றது. அங்கிருந்து பார்த்தால் தடம் தெரியாது. ஜீப்பின் மூக்கு தெரியும், அதற்கப்புறம் ஆகாயம் தெரியும். நடுவில் இருக்க வேண்டிய பூமியைக் காணோம்.

“நிறுத்து, நிறுத்து” என்றார் இயக்குநர்.

“நிறுத்தித்தான் சார் இருக்கேன்.”

இயக்குநர் கொஞ்ச நேரம் ஆகாயத்தையே பார்த்தார். அப்புறம் தலையைத் திருப்பாமலேயே கேட்டார்: “பயிற்றுநரே, சரிவுல இறங்குறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?”

“வழிய முதல்ல நடந்து பாக்கணும் சார். அதுதான் அடிப்படை விதி.”

“எவ்வளவு தூரம்?”

“முழுசா சார். கீழ வரைக்கும்.”

“விதின்னா விதிதான்” என்று கதவைத் திறந்து இறங்கிவிட்டார் இயக்குநர். தலைவர் என்றால் அவரல்லவா தலைவர்! விதியைத் தன் கால்களாலேயே நிறைவேற்றுகிறவர்கள் எத்தனை பேர்?

“சாருக்கு எங்க என்ன பாக்கணும்னு சொல்ல ஆள் வேணுமே” என்று பயிற்றுநரும் இறங்கினார்.

“பேனர் நனையுது” என்றார் கிடங்கம்மா. “ஆபீஸ் சொத்து. இந்த வண்டியில வெச்சு இதுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்.” பேனரைக் குழந்தையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டு அவரும் இறங்கினார்.

மிச்சம் நானும் மைத்துனனும். நான் மெல்ல ஒரு காலை வெளியே வைத்தேன். அவன் என் சட்டைக்கையைப் பிடித்தான்.

“மாமா, நீங்களுமா?”

“குறிப்பெடுக்கணும்டா. ஆடுற வண்டியில எழுதினா கையெழுத்து கோணலா வரும்.”

“கோணலா வந்தா என்ன மாமா?”

“பதிவேட்ல நிக்கிற எழுத்துடா. நாளைக்கு நாலு பேர் பாப்பாங்க.”

அதற்குள் கீழே புதருக்குள்ளிருந்து இயக்குநரின் குரல் கேட்டது: “நாங்க போய்க் கீழேயிருந்து சைகை காட்டுறோம். தைரியமா வா! நம்பிக்கைதான் முக்கியம்!”

நாங்கள் இறங்கிய விதம் பாதுகாப்புக்கே ஓர் இலக்கணம். பயிற்றுநர் சுவர் இல்லாததால் கிடங்கம்மாவைப் பிடித்துக்கொண்டார்; கிடங்கம்மா பேனரைப் பிடித்துக்கொண்டார். இயக்குநர் பெரும்பகுதித் தூரத்தை அமர்ந்த நிலையில் கடந்தார். கீழே போய்ச் சேர்ந்ததும் ஒரு பெரிய பாறையின் பின்னால் ஒண்டி நின்று, வண்டி வந்தால் எங்கள் மேல் வராத இடமா என்று இருமுறை சரிபார்த்துக்கொண்டோம். இயக்குநர் கைக்குட்டையை மட்டும் பாறைக்கு வெளியே நீட்டி, “வா, வா” என்று ஆட்டினார்.

எஞ்சின் சத்தம் வரவில்லை. நெடுநேரம் கைக்குட்டைதான் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு யாரோ கல்லை உதைத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. மைத்துனன் நடந்து வந்துகொண்டிருந்தான். சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்தான். ஆனால் முகம் வெளுத்திருந்தது.

“வண்டி எங்கடா?” என்றார் இயக்குநர்.

“மேலதான் சார். கைப்பிரேக் போட்டு, நாலு சக்கரத்துக்கும் கல்லு முட்டுக்குடுத்துட்டு வந்திருக்கேன்.”

“நீ ஏன் இறங்கினே?”

“வழிய நடந்து பாக்கணும்னு விதியாமே சார். பாத்துட்டேன்.”

“பாத்து?”

“இறங்க முடியாது சார்.”

“நாங்கெல்லாம் இறங்கிட்டோமே!”

“ஆமா சார். கால்ல லோ கியர் இருக்கு.”

அடிவாரத்துக்கு அப்புறமும் நெடுந்தூரம் நாங்கள் நடந்தே வந்தோம். கிடங்கம்மா மட்டும் ஓரிடத்தில் நின்று, பேனரில் சேறு படவில்லை என்று உறுதிசெய்தார்.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. நடுநிலை கெடக்கூடாது என்பதற்காக, சம்பவத்தை நேரில் கண்டவர்களையே உறுப்பினர்களாகப் போட்டோம்: இயக்குநர், பயிற்றுநர், கிடங்கம்மா. நான் செயலாளர். கூட்ட அரங்கில், லீவருக்கு எதிரே மைத்துனனை நிற்கவைத்தார்கள். மீசை சீவாமல் வந்திருந்தான்.

“அலுவலக வாகனத்த மலையிலயே விட்டுட்டு இறங்கினது உண்மையா?”

“உண்மை சார். உங்க எல்லாருக்கும் அப்புறம்தான் இறங்கினேன்.”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பயந்தியா?”

“பயந்தேன் சார்.”

இயக்குநர் குழுவைப் பார்த்துக் கேட்டார்: “நாம யாராவது பயந்தோமா?”

“இல்ல சார்” என்றார் பயிற்றுநர்.

“பயப்பட நேரமே இல்லையே” என்றார் கிடங்கம்மா. “பேனர் கையில இருந்துச்சு.”

“சார்” என்றான் மைத்துனன். “இதோ இந்த லீவர் மட்டும் வண்டியில இருந்திருந்தா உங்க எல்லாரையும் தூங்கவெச்சே கொண்டாந்திருப்பேன்.” சொல்லிக்கொண்டே பழக்கதோஷத்தில் அதன்மேல் கையை வைத்துவிட்டான்.

“கருவியத் தொடாதே!” என்றார் பயிற்றுநர்.

தீர்ப்பை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. என் எழுத்துகளிலேயே இதைத்தான் நான் தலைசிறந்ததாகக் கருதுகிறேன். முக்கியப் பகுதி பின்வருமாறு: ‘மேற்படி நால்வரும் வண்டி ஓட்டத் தெரியாதவர்கள், ஆகவே சரிவின் ஆபத்தை அறிந்திருக்க வாய்ப்பில்லாதவர்கள், ஆகவே அவர்கள் இறங்கியது அச்சத்தால் அன்று, விதியால். மேற்படி ஓட்டுநரோ பயிற்சியில் முதல் மதிப்பெண் பெற்றவர்; ஆபத்தை நன்கு அறிந்தவர்; அறிந்தே இறங்கியிருக்கிறார். ஆகவே இது தெரிந்து செய்த குற்றம்.’ தகுதிகாண் பருவத்திலேயே அவனைப் பணியிலிருந்து நீக்கியதாகக் கடைசிப் பத்தி முடியும். மற்ற நால்வருக்கும் பாராட்டுச் சான்றிதழ். மாட்டச் சுவரில் இடமில்லாததால் பழைய சான்றிதழ்களைக் கொஞ்சம் நெருக்கி மாட்டினோம்.

பெண் வீட்டிலிருந்து ஒரு வரித் தகவல் வந்தது. ‘பையனுக்கு வேறு நல்ல இடம் அமைய வாழ்த்துகிறோம்’ என்று.

அன்று சாயங்காலம் என் மனைவி கேட்டாள்: “எல்லாரும்தான் இறங்கினீங்க. அவனுக்கு மட்டும் ஏன் வேலை போச்சு?”

தீர்ப்பை எடுத்துப் படித்துக் காட்டினேன். இடையில் ஒருமுறைகூடக் குறுக்கிடாமல் கேட்டாள்.

“இத யாரு எழுதினது?”

“விசாரணைக் குழு.”

“கையெழுத்து யாரு போட்டதுன்னு கேக்கல. இந்த வார்த்தையெல்லாம் யாரோடது?”

தீர்ப்பை மடித்து உறைக்குள் வைத்தேன். நல்ல நடை என்றால் எழுதியவன் யாரென்று தெரிந்துவிடும், என்ன செய்வது.

அவள் அதோடு விட்டிருந்தால் குடும்ப விவகாரமாகப் போயிருக்கும். மறுநாள் காலையில் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். வாயிற்காவலர் தடுக்கவில்லை; கதவைத் திறந்துவிட்டார் என்றும் கேள்வி. நேராகக் கூட்ட அரங்குக்குள் வந்து, இயக்குநருக்கும் எங்கள் எல்லோருக்கும் முன்னால், லீவரைக் காட்டிக் கேட்டாள்:

“இது வண்டியில இருந்திருந்தா நீங்க நாலு பேரும் இறங்கியிருப்பீங்களா?”

இயக்குநர் பயிற்றுநரைப் பார்த்தார். பயிற்றுநர் கிடங்கம்மாவைப் பார்த்தார். கிடங்கம்மா மஞ்சள் துணியை எடுத்து லீவரைத் துடைக்கத் தொடங்கினார். ஏதாவது பேச வேண்டுமே என்று நான், “இது நிகழ்ச்சி நிரலில் இல்லாத கேள்வி” என்று எடுத்துச் சொன்னேன்.

“சரி, சேத்துக்குங்க. நான் வெளிய உக்காந்திருக்கேன்” என்று போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். தட்டச்சர் அவளுக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்கிறார். இயக்குநர் இப்போதெல்லாம் பின்வாசல் வழியாகத்தான் வருகிறார். அங்கே படி கொஞ்சம் செங்குத்து.

மற்றபடி பாதுகாப்பில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஜீப் மலைமேல் பத்திரமாக இருக்கிறது. லீவர் அரங்கில் பத்திரமாக இருக்கிறது. உச்சி நிலையத்து ஊழியர்கள் இருவரும் முறைவைத்து இறங்கி வந்து, சாமானைத் தாங்களே முதுகில் சுமந்துகொண்டு ஏறுகிறார்கள். ஜீப் துணி காயப்போட வசதியாக இருப்பதாக அவர்களே சொன்னார்கள். மலைத்தடத்தில் அதற்கப்புறம் விபத்து என்ற பேச்சே எழவில்லை.

ஆனாலும் ஜீப்பை என்றைக்காவது கீழே கொண்டுவந்தாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. புதிய ஓட்டுநர் தேவை. விளம்பர வாசகத்தை எழுதும்படி இயக்குநர் என்னையே பணித்தார். “இந்தத் தடவ ஆளப் பாத்து எடுக்கணும்” என்று மட்டும், வராந்தாவை எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

எழுதிவிட்டேன். செங்குத்துச் சரிவில் தனியாக ஓட்டும் துணிவு வேண்டும், விதிகளில் பற்று வேண்டும், மேலதிகாரிகள் நடந்தால் தானும் நடக்கும் பழக்கம் இருக்கக்கூடாது. இவையெல்லாம் இயக்குநர் சொன்ன தகுதிகள். கடைசி வரியை மட்டும் என் சொந்த அனுபவத்திலிருந்து நானே சேர்த்தேன். படித்துப் பார்த்த இயக்குநர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார்:

‘கேட்பாரற்றவர்களுக்கு முன்னுரிமை அளிக்கப்படும்.’